உப்பு பூத்த செங்கல், உடைஞ்ச உண்டியல்: பசங்களோட வீட்டுலயே பண்ணிப் பார்க்கற பாரம்பரியப் பாதுகாப்பு

பழைய கோயில், சிலை, ஓவியம் இதையெல்லாம் பாதுகாக்கணும்னு பசங்ககிட்ட வாயால சொன்னா தலையாட்டிட்டு போயிடுவாங்க, அதையே கையால ஒரு தடவை பண்ணிப் பார்த்துட்டாங்கன்னா அப்புறம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் தூணை உத்து உத்துப் பார்ப்பாங்க. பாதுகாக்கறதுன்னா பளபளன்னு புதுசாக்கறது இல்ல, இருக்கறது மேல மேல கெடாம பார்த்துக்கறதுதான், அதுவும் செஞ்சு பார்த்தாதான் மனசுல ஏறும். 8 வயசுக்கு மேல உள்ள பசங்களுக்கு இதெல்லாம் சரியா இருக்கும்.

முதல்ல உப்பு. சென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், ஓதம் ஏறின சுவர்ல கீழ ரெண்டு மூணு அடிக்கு பெயிண்ட் பொரிஞ்சு உதிரும்ல, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் அதே எதிரிதான். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கோயில், 1300 வருஷம் ஆச்சு, கருங்கல்லுதான், ஆனாலும் உப்புக் காத்து பட்டுப் பட்டு நிறைய சிற்பத்துல முகமே தேஞ்சு போச்சு. கல்லுல இருக்கற நுணுக்கமான சந்துக்குள்ள உப்புத் தண்ணி இறங்கி காயறப்ப உப்பு படிகமாகும், அது பெருக்கப் பெருக்க கல்லை உள்ளேருந்தே தள்ளும், மேல்பக்கம் பொடிப்பொடியா கொட்டும். தொல்லியல் துறை அங்க பேப்பர் கூழை கல்லு மேல அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கறாங்க. நம்ம மொட்டைமாடியில அதையே பண்ணலாம்.

நாட்டுச் செங்கல் துண்டு ஒண்ணு எடுத்து, கல்லுப்பு இனிமே கரையாதுங்கற அளவுக்கு போட்ட தண்ணியில 2 நாள் ஊற வைங்க, அப்புறம் காய விட்டா கொஞ்ச நாள்ல வெள்ளையா பூத்துடும். உடனே பசங்க குழாயடியில கழுவத்தான் ஓடுவாங்க, விடாதீங்க, கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிடும். காஞ்ச, மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால மெதுவா தட்டி எடுக்கணும். அடுத்து டிஷ்யூ பேப்பரை கிழிச்சு கேன் தண்ணியில ஊறவச்சு பிசையணும், போர் தண்ணி வேணாம், அதுலயே உப்பு இருக்கும். கூழை லேசா பிழிஞ்சு அரை இன்ச் கனத்துக்கு நடுவுல இடைவெளி இல்லாம அழுத்தி அப்பிட்டு, முழுசா காயற வரைக்கும் தொடவே கூடாது. பேப்பர்ல இருக்கற தண்ணி ஆவியாக ஆவியாக உள்ள இருக்கற உப்புத் தண்ணி வெளிய இழுபட்டு வந்து பேப்பர்ல தங்கிடும். உரிச்ச பேப்பரை கொஞ்சம் தண்ணியில அலசி அந்தத் தண்ணிய கறுப்புத் தட்டுல ஊத்தி வெயில்ல வச்சா உப்பு கண்ணுக்குத் தெரியும். புதுக் கூழை திரும்பத் திரும்ப அப்பிக்கிட்டே வந்தா தட்டுல வர்ற உப்பு கம்மியாகும். ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுத்து தேதி போட்டு நோட்டுல ஒட்டச் சொல்லுங்க, என்ன பண்ணோம்னு எழுதி வைக்காத வேலை இந்தத் துறையில பாதி வேலைதான்.

அடுத்தது மண் உண்டியல். துணியில சுத்தி உடைச்சுக் குடுத்துட்டு, ஒட்ட விடறதுக்கு முன்னாடி எல்லாத் துண்டையும் பரப்பி படம் வரையச் சொல்லுங்க, எது எதோட சேரும்னு நம்பர் போடட்டும். சில துண்டை கோந்து வச்சு அவங்களே ஒட்டட்டும், சில துண்டை நீங்க ஃபெவிக்விக் வச்சு ஒட்டுங்க, அது பசங்க கைக்குப் போகக்கூடாது. நல்லா காஞ்சதும் ரெண்டையும் தண்ணியில போடுங்க. கோந்து ஊறி விட்டுடும், இன்னொண்ணு பிடிச்சது பிடிச்சதுதான். நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தா நாம ஒட்டினதை பொருளுக்கு சேதம் இல்லாம பிரிக்க முடியணும், மியூசியத்துல பசை தேர்ந்தெடுக்கறப்ப இதைப் பார்ப்பாங்க. காணாமப் போன துண்டு இருக்கற இடத்தை களிமண்ணால அடைச்சு ஒரு படி வெளிறின கலர் குடுங்க, தள்ளி நின்னா உறுத்தக்கூடாது, கிட்ட வந்தா இது புதுசுன்னு தெரியணும்.

ஓலையும் இருந்தா பண்ணுங்க, காஞ்ச பனை ஓலையில ஊசியால கீறி விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு தேய்ச்சுத் துடைச்சா எழுத்து கறுப்பா எழும்பி வரும், சுவடி படிக்கறதுக்கு மை பூசறது இப்படித்தான்.

இவ்வளவும் பண்ணின பிறகு எழும்பூர் மியூசியம் கூட்டிட்டுப் போங்க, முன்னாடியே போனா வெறும் பொம்மை பார்த்த மாதிரி ஆயிடும். 1851ல ஆரம்பிச்ச மியூசியம், அங்க 1930லயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் வச்சாங்க, செப்புத் திருமேனிகள்ல பச்சைப் பொடியா வர்ற நோயை நிறுத்தறதுதான் அதோட முதல் பெரிய வேலை. அங்கயும் வில்லன் உப்புதான், குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிச்சுக்கிட்டே போகும். நம்ம வீட்டுக் குத்துவிளக்கை புளி போட்டுத் தேய்க்கறோம், அது புழங்கற பொருள், ஆனா ஒரு சோழர் சிலையை அப்படித் தேய்ச்சா அது மேல காலம் விட்ட தடயம் போயிடும்னு அங்க நின்னு சொல்லுங்க. நோட்டையும் பென்சிலையும் குடுத்து, எந்தச் சிலையில எங்க தேய்மானம், எங்க ஒட்டு தெரியுதுன்னு வரைஞ்சு குறிக்கச் சொல்லுங்க, ஒரு சிலை போதும், பொறுமையா பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அன்னைக்கு போயிடாதீங்க.