போல்ட்டைக் கடைசியில் இறுக்குங்கள்

அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து இறங்கும் சாப்பாட்டு மேசையை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம்; அதற்கு ஆசாரியைத் தேட வேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக்குப் பெட்டி வந்தாலும் கூப்பிடுவார்கள். ஆடுகிற மேசை, கிறீச்சிடுகிற நாற்காலி என்று பார்க்கப் போனால் காரணம் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: முதல் போல்ட்டை மாட்டிய கையோடு முழு பலத்தையும் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதற்கு வருகிறேன், வாங்குவதைப் பற்றி முதலில்.

மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ., இருக்கையின் உயரம் சுமார் 45 செ.மீ. என்பது வழக்கமான கணக்கு. ஆள் ஒருவருக்கு மேசை விளிம்பில் 60 செ.மீ. வேண்டும், நான்கு பேருக்கு 120-க்கு 75 போதும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க இன்னொரு 75 செ.மீ. தேவை. அந்த வழியாக ஆள் நடக்க வேண்டுமென்றால் 90-க்குக் குறையக் கூடாது. மேசையின் அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பிரிட்ஜ் கதவு இடிக்குமா, பூஜை அறைக்குப் போக வழி இருக்குமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் என்றால், கைப்பிடி வைத்த நாற்காலி அவர்களுக்குத் தண்டனை. ஒரு பக்கம் பெஞ்ச் வாங்குங்கள்; வேலை முடிந்ததும் மேசைக்கு அடியில் தள்ளிவிடலாம், சின்ன ஹாலில் அந்த இடம் பெரிய இடம்.

விளம்பரத்தில் ‘இன்ஜினியர்டு வுட்’ என்று போட்டிருந்தால் அத்தோடு விடாதீர்கள். மரச்சில்லுகளைப் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டா, மர நாரை அழுத்திய எம்.டி.எப்.பா, மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிய பிளைவுட்டா என்று கேளுங்கள். மூன்றும் மூன்று விதம். தினமும் தண்ணீர் தெளித்துத் தரை துடைக்கிற நம் வீடுகளில் பார்ட்டிகிள் போர்டு கால் அடியிலிருந்து ஊதிப்போகும். ஊதியது திரும்ப அமுங்காது. மேற்பலகை எதுவாக இருந்தாலும், கால்கள் இரும்பாகவோ முழு மரமாகவோ இருக்கட்டும். நடுத்தர விலைக்கு ரப்பர் மரத்தைத் தயங்காமல் வாங்கலாம். பால் வற்றிய மரங்களை வெட்டி, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றி, உலர்த்திச் செய்வது அது. மருந்து ஏற்றியதுதானா என்பதை மட்டும் கடைக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, நசுங்கியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். பிறகு போல்ட், வாஷர், மரக்குச்சி எல்லாவற்றையும் தனித்தனி எவர்சில்வர் தட்டில் கொட்டி, தாளில் உள்ள பட்டியலோடு எண்ணிச் சரிபாருங்கள். போல்ட்டுகளில் இரண்டு நீளம் வந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பிரித்துவிடுங்கள். நீளமானதைத் தவறான துளையில் விட்டால் மேற்பலகையைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

பெட்டியின் அட்டையைத் தரையில் விரித்து, அதன் மேல் போர்வை போட்டு, மேற்பலகையைக் குப்புற வையுங்கள். இனி பொறுமை வேண்டும். நான்கு கால்களையும் நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகி ஏற்றுங்கள். முதலில் போல்ட்டை இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் ‘டக்’ என்று சின்னதாக உள்ளே இறங்கும். மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு ஏறும். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஆலன் கீ (பெட்டியோடு வரும் வளைந்த அறுகோணச் சாவி) போட்டு ஏற்றவே கூடாது. மரை மாறி ஏறிவிட்டால் அந்தத் துளை போனதுதான். சில மேசைகளில் குறுக்குத் துளைக்குள் உருளை வடிவ நட்டு ஒன்று இருக்கும். அதன் தலையில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு போல்ட் வரும் திசையைப் பார்த்து நிற்கும்படி ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வையுங்கள். அரை மணி நேரம் போராடியும் போல்ட் பிடிக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் இந்தக் கோடுதான் கோணலாக நிற்கும்.

எல்லா போல்ட்டும் ஏறிய பிறகு, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தளர்வாக இருக்கும்போதுதான் நான்கு கால்களும் தங்களுக்குள் நகர்ந்து இடம் பார்த்து உட்காரும். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் அதன் கோணலை மற்ற மூன்றும் சுமக்கும். பேட்டரி டிரில் வேண்டாம். மரம் நசுங்குவது கைக்குத் தெரியும், டிரில்லுக்குத் தெரியாது. முக்கால்வாசி இறுக்கியதும் இரண்டு பேராகத் தூக்கி நிமிர்த்துங்கள். ஒரு பக்கக் காலில் பாரம் கொடுத்துப் புரட்டினால் இணைப்பு விரிந்துவிடும். நிமிர்ந்து நின்றதும் மிச்சத்தை இறுக்கலாம். அதற்குப் பிறகும் ஆடினால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் தரைதான் குற்றவாளி.

முழு மரப் பலகை என்றால் இன்னொன்று. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு விட்ட இடம் அது. ஸ்க்ரூவைத் துளையின் நடுவில் நிறுத்தி, பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அங்கே பசை போடாதீர்கள். பசையால் அடைத்த பலகை வெடிக்கும்.

நாற்காலிக்கு மேசையைவிட அதிக அக்கறை வேண்டும். பின்னால் சாய்ந்து ஆட்டுகிற பாரம் முழுவதும் இருக்கைக்கும் பின்காலுக்கும் இடையிலான போல்ட்டில்தான் விழுகிறது. எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே கீழேயிருந்து இறுக்குங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்த நிலையிலேயே இணைப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரு மாதம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள், பொங்கல் சுத்தத்தின்போது இன்னொரு முறை. ஆலன் கீயை மேசைக்கு அடியிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தால் அன்றைக்குத் தேட வேண்டாம். வாடகை வீடு மாறும்போது கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு காலிலும், அது நிற்கும் மூலையிலும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். ஒரு மூலையில் பழகிய கால் வேறு மூலையில் அதே போல உட்காராது.