காட்டுயிர் நடமாட்டத்தில் பிஎச்டி: காலர் மாட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

காட்டு விலங்குகளின் நடமாட்டம் பற்றியோ எண்ணிக்கை பற்றியோ முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிறவர்களில் பலர் முதலில் விசாரிப்பது, விலங்கின் கழுத்தில் மாட்டி அதன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகப் பதியும் ஜிபிஎஸ் காலர்களில் எதை வாங்கலாம் என்பதைத்தான். ஆய்வுக் கேள்வி அப்புறம்தான் வருகிறது. தலைகீழ் வரிசை இது, பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இதுவே காரணம்.

ஒரு சிறுத்தை சாலையை எந்த இடத்தில் கடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கால் மணிக்கு ஒரு பதிவாவது வேண்டும். வருடம் முழுக்க எவ்வளவு பரப்பில் திரிகிறது என்பதுதான் கேள்வி என்றால் சில மணி நேரத்துக்கு ஒன்று போதும், அதற்கும் கால் மணிக்கொரு தரம் பதிந்தால் அடுத்த பருவம் வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். இன்னொன்று, இடைவெளி கூடக்கூட, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து அளக்கும் தூரம் குறையும், ஏனென்றால் நடுவில் விலங்கு வளைந்து நெளிந்து போனது எதுவும் பதிவாகவில்லை. ஆகவே வெவ்வேறு இடைவெளியில் பதிந்த இரண்டு ஆய்வுகளின் 'ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்' கணக்கை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

எட்டு விலங்குகளுக்குக் காலர் மாட்டி மணிக்கு ஒரு புள்ளி எடுத்தால் வருடத்தில் 70,000 புள்ளிகள் சேரும். ஆனால் உங்கள் ஆய்வின் மாதிரி எண்ணிக்கை எட்டுதான், 70,000 அல்ல. ஒரே விலங்கின் பல பதிவுகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணும் இந்தத் தவறை, போலி மறுசெய்கை என்று சூழலியலாளர் ஹர்ல்பெர்ட் 1984லேயே விளக்கிவிட்டார், இன்றும் ஆய்வேடுகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனியானவை என்று எடுத்துக்கொள்ளும் பழைய கெர்னல் முறை (புள்ளிகளின் அடர்த்தியை வைத்து விலங்கு திரியும் பரப்பை மதிப்பிடுவது) வாழிடப் பரப்பைக் குறைத்தே காட்டும். அந்தச் சார்பைக் கணக்கில் கொள்ளும் முறைகள் இருக்கின்றன, அவற்றைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

விடுபட்ட பதிவுகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அடர்ந்த மரக்கூரையின் கீழும் செங்குத்தான பள்ளங்களிலும் காலருக்குச் செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காது. அங்கே படுத்திருக்கும் விலங்கு தரவில் காணாமல் போகும், கடைசியில் 'இந்த இனம் அடர்காட்டைத் தவிர்க்கிறது' என்று எழுதிவிடுவீர்கள். விலங்குக்கு மாட்டும் முன், ஒரு குச்சியை விலங்கின் கழுத்து உயரத்தில் நட்டு, அதில் காலரைக் கட்டி, ஒவ்வொரு வகைக் காட்டிலும் சில நாள் விட்டுவைத்துப் பாருங்கள். எத்தனை பதிவு வந்தது, உண்மையான இடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தது என்பது தெரிந்துவிடும். காலர்கள் பொதுவாக யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் பதியும், அதையும் மறக்க வேண்டாம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் இரவில் திரியும் விலங்கு பகலில் திரிவதாகத் தெரியும்.

காலரின் எடை பாலூட்டிகளுக்கு உடல் எடையில் 5 சதவீதத்துக்குள், பறவைகளுக்கு 3 சதவீதத்துக்குள் என்பது வழக்கமான வரம்பு, பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. வளரும் குட்டிக்கு இன்று சரியாக இருக்கும் காலர் நாளை கழுத்தை இறுக்கும். தானாகக் கழன்று விழும் வசதி இல்லாத காலரை மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை, மறுபடி மயக்க ஊசி போட்டுக் கழற்றலாம் என்ற திட்டம் பல நேரம் நடப்பதில்லை. மயக்கம் தெளிந்த முதல் சில நாட்களின் நடமாட்டம் இயல்பானதாகவும் இருக்காது, அதைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கை ஆய்வில் பெரிய தவறு, கண்ணில் பட்டதையே இருப்பதாக எடுத்துக்கொள்வது. புல்வெளியில் பத்தில் எட்டு மான்கள் கண்ணில் படும், புதரில் மூன்றுதான் படும் என்றால், இரண்டு இடத்திலும் ஒரே அளவு மான்கள் இருந்தாலும் உங்கள் கணக்கு புல்வெளியில்தான் அதிகம் என்று சொல்லும். காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராவில் விழுந்த படங்களை எண்ணுவதற்கும் இதே கதிதான். கண்ணில் படும் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடாத எண்ணிக்கையை நம்பக் கூடாது.

சரி, காலம்? யானையின் சினைக்காலமே ஏறத்தாழ 22 மாதம். நான்கைந்து வருட ஆய்வில் அப்படிப்பட்ட விலங்கின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏற்கெனவே நடந்துவரும் நீண்டகாலக் கணக்கெடுப்போடு சேர்ந்துகொள்வதே நல்லது.

தரவை மூவ்பேங்க் (விலங்கு நடமாட்டத் தரவுக்கான இணையக் களஞ்சியம்) போன்ற இடத்தில் ஆரம்பத்திலிருந்தே சேமியுங்கள், அரிய இனமென்றால் துல்லியமான இடங்களை எல்லோருக்கும் திறந்துவிடாமல், ஏனென்றால் வேட்டைக்காரர்களுக்கும் அது வழிகாட்டும். காலர் மாட்டிய நேரத்தையும் கழன்ற நேரத்தையும் கூடவே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஜீப்பில் கிடந்த காலரின் பயணமும் விலங்கின் பயணமாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.