ஒரே நொடியில் லட்சம் சார்ஜர்கள்: சார்ஜிங் நெட்வொர்க்கைப் பாதுகாக்கும் வழிமுறை

மின்சார வாகனச் சார்ஜர் ஒன்று ஹேக்கர் கையில் சிக்கினால் மின் கட்டமைப்பு அசையாது. ஆனால் 1,00,000 வீட்டுச் சார்ஜர்களை இயக்கும் சர்வர் சிக்கினால், ஒன்றுக்கு 7.2 கிலோவாட் என்ற கணக்கில் 720 மெகாவாட் அவர் கையில். அத்தனையும் ஒரே நொடியில் நின்றால், மின் கட்டமைப்பு நிலையாக வைத்திருக்க வேண்டிய அதிர்வெண் ஏறும். ஒரே நொடியில் ஓடத் தொடங்கினால் இறங்கும். எனவே சர்வரையும் அதற்குப் போகும் பாதையையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஓசிபிபி என்பது சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. அதன் 1.6 பதிப்பில் ஓடும் சார்ஜர்கள் குறியாக்கமே இல்லாமல் சர்வரோடு பேச முடியும். அதன் பாதுகாப்பு நிலைகளில் 1-இல் பாஸ்வேர்ட் மட்டுமே உண்டு, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் கிடையாது. குறைந்தது டிஎல்எஸ் உள்ள 2-க்கு ஏற்றுங்கள். சார்ஜர் தாங்கினால், அதற்கும் தனிச் சான்றிதழ் கேட்கும் 3-க்கு.

வரிசை முக்கியம். முதலில், சர்வர் உண்மையானதுதானா என்று சரிபார்க்க உதவும் ரூட் சான்றிதழைச் சார்ஜரில் ஏற்றி, கடிகாரத்தைச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு சார்ஜருக்கும் 16 பைட்டுக்குக் குறையாத தனி ரேண்டம் பாஸ்வேர்ட். கடைசியில்தான் நிலையை உயர்த்த வேண்டும், அதுவும் ஒரே ஒரு சார்ஜரில் சோதித்த பிறகு. உயர்த்திய நிலையை ஓசிபிபி வழியாகக் குறைக்க முடியாது. தவறினால் ஆள் நேரில் போக வேண்டும். பெரும்பாலும் காலை வாருவது கடிகாரம்தான்: மின்தடைக்குப் பின் பழைய தேதியோடு எழும் சார்ஜர், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று இணைப்பையே மறுத்துவிடும்.

ஒரே அடையாள எண்ணில் இரண்டாவது இணைப்பைத் திறந்து பாருங்கள். சர்வர் கேள்வி கேட்காமல் பழையதைத் துண்டித்தால், யார் வேண்டுமானாலும் அந்தச் சார்ஜராக நடிக்கலாம்.

அடுத்தது ரேண்டம் தாமதம்: எல்லாம் ஒரே நொடியில் இயங்காதபடி ஒவ்வொரு சார்ஜரும் வெவ்வேறு நேரம் காத்திருப்பது. பிரிட்டனின் 2021 விதிகள் வீட்டு, அலுவலக ஸ்மார்ட் சார்ஜர்களில் 10 நிமிடம் வரையிலான தாமதத்தைக் கட்டாயமாக்கின. எங்கிருந்தாலும் இதைச் செய்வது நல்லது. தாமதத்தைச் சார்ஜருக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரே கணக்கிட வேண்டும். சர்வரில் வைத்தால், சர்வரைப் பிடித்தவர் அதையும் நீக்கிவிடுவார். தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் மின்சாரம் திரும்பும்போதும் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

மொத்தமாக அனுப்பும் கட்டளைக்கு இரண்டாவது நபரின் ஒப்புதலும், நிமிடத்துக்கு இத்தனை சார்ஜர்கள் என்ற உச்சவரம்பும் வையுங்கள். டிஜிட்டல் கையொப்பமில்லாத ஃபர்ம்வேரைச் சார்ஜரே நிராகரிக்க வேண்டும். கையொப்பமுள்ளதையும் முதலில் 1 சதவீதத்துக்கு மட்டும் அனுப்பி, ஒரு நாள் பொறுத்திருந்து மீதிக்கு அனுப்புங்கள்.