பழைய இரட்டைக்குழலோடு நீர்ப்பறவை வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தில் நாணற்புதருக்குள் என்னோடு காத்திருந்த இளைஞர் ஒருவர், தம் தாத்தாவின் கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியில் புதிய தோட்டாக்கள் இரண்டைப் போட்டு மூடினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை அவர் கண்ணெதிரே செய்வதைக் கண்டதும், வாத்துகள் இறங்கிக்கொண்டிருந்த நேரம் என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். குழலை யார் பக்கமும் திருப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் சுடக் கூடாது என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

உள்ளே போகிற தோட்டா பொருந்துகிற தோட்டா என்று நம்புவது

பழைய பன்னிரண்டாம் எண் துப்பாக்கிகள் (எண் குழல்துளையின் அகலத்தைக் குறிப்பது) பலவற்றில், தோட்டா அறையின், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தின், நீளம் 65 மி.மீ. மட்டுமே. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்களோ 70 அல்லது 76 மி.மீ. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு, தோட்டாவின் முன்முனையை மூடியிருக்கும் வாய் மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மடிப்போடு இருக்கையில் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ.க்கும் குறைவாகவே இருப்பதால், எந்தத் தடையும் இன்றி உள்ளே இறங்கும். துப்பாக்கியும் இதமாக மூடிக்கொள்ளும். சுட்ட கணத்தில் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னால் குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ள, ரவை எனும் சிறு குண்டுகளும் அவற்றைத் தள்ளும் தக்கையும் அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால், உள்ளழுத்தம் ஏறிவிடுகிறது.

எனக்குத் தோட்டா விற்றவரிடம் நீளத்தைப் பற்றிக் கேட்டபோது, "பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதை நம்பிய என் மேலும்தான். என் துப்பாக்கி நான்கு கிலோவுக்கு மேல் எடை உள்ளது என்பதால், கூடுதல் பின்னுதையை அதன் கனமே விழுங்கிவிட்டது. தோளுக்கு எதுவும் தெரியவில்லை. சுட்ட கூடுகளின் வாய், நைந்த துணியின் ஓரம்போல் நார்நாராகப் பிய்ந்திருந்ததையும் நான் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பருவத்தின் நடுவில் ஒரு நாள், மூடிய துப்பாக்கியைக் குலுக்கியபோது குழல்கள் கடகடத்தன. விளக்குக்கு எதிரே பிடித்தால், குழலின் பின்முகத்துக்கும் அதைத் தாங்கும் உலோகச் சுவருக்கும் இடையே மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. சுடும் பொறியான பூட்டுக்குப் பின்னால், தோளில் பதியும் மரக்கட்டையில், எண்ணெய் ஏறிக் கறுத்த மயிரிழைக் கீறல் ஒன்று ஓடியிருந்தது. துப்பாக்கியை வாங்கியதைவிடப் பழுதுபார்க்கவே அதிகம் செலவாயிற்று.

ஆகவே, சுடுவதற்கு முன் அறையின் நீளத்தைத் தேர்ந்தவரிடம் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். 65 மி.மீ. அறைக்கும் உகந்தது என்று பெட்டியே தெளிவாகச் சொன்னாலன்றி, அதைவிட நீளமானதைப் போடாதீர்கள். குழல்களின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளையும் (கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்ததன் அடையாளங்கள்) அவரையே படிக்கச் சொல்லுங்கள். லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதிக்கப்பட்ட துப்பாக்கியானால், இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா வெடிமருந்துக்கு அது சோதிக்கப்பட்டதா என்பதை அம்முத்திரைகள் காட்டக்கூடும். ஆனால் முத்திரை குத்திய நாளுக்குப் பிறகு குழலுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை சொல்லமாட்டா.

டமாஸ்கஸ் குழலின் கோலத்தில் மயங்குவது

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி ஒட்டிய குழல் அது. பெரும்பாலும், புகையில்லா மருந்துக்கு முந்திய கரிமருந்துக் காலத்துக்கு உரியது. வெளியே அலையலையாகக் கோலம் மின்னினாலும், துருக்குழிகளை அகற்ற உட்புறத்தை யாராவது தேய்த்து, சுவரை மெலியவிட்டிருக்கலாம். சுவரின் கனத்தை அளக்காமல் சுடாதீர்கள்.

எஃகு ரவை

பழைய, வாய் இறுகிய (முனையில் துளை குறுகிய) குழலில், கடினமான எஃகு ரவை கூடவே கூடாது.

இரையோடு பொறுக்கிய ஈய ரவையால் நீர்ப்பறவைகள் நஞ்சேறி மடிவதால், அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு நாடு முழுவதும் தடை உள்ளது. வேறு பல நாடுகளிலும் தடைகள் உண்டு. அதற்காக எஃகுக்குத் தாவிவிடாதீர்கள். பிஸ்மத் ரவை விலை அதிகமானாலும் எஃகைவிட மென்மையானது, அடர்த்தியிலும் (கன செ.மீ.க்கு ஈயம் 11.3 கிராம், பிஸ்மத் 9.8, எஃகு 7.8) ஈயத்துக்கு நெருங்கி நிற்கிறது.

குழல்வாயில் சேறு

தடுமாறி விழுந்தால், தோட்டாக்களை எடுத்துவிட்டு இரு குழல்களின் ஊடாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சீக்கிரமே தோளில் ஏற்றிவிடுவது

பறவை தொலைவில் தெரிந்ததுமே துப்பாக்கியை ஏற்றிப் பிடித்தால், அது சுடும் தூரத்துக்கு வருவதற்குள் கை சோர்ந்து, விசையை இழுக்கும் கணத்தில் குழல் நின்றுவிடும். ரவை வாலுக்குப் பின்னால் போகும். தாழப் பிடித்துக் காத்திருந்து, வாலுக்குப் பின்னிருந்து வீசத் தொடங்கி, அலகைக் கடந்ததும், வீச்சை நிறுத்தாமலே சுட வேண்டும். ஒருமுறை நகரத் தொடங்கிய கனத்த குழல் எளிதில் நிற்காது என்பதுதான் இத்துப்பாக்கியின் நல்ல குணம்.

எண்ணெயிட்டு, குழல்வாயை மேலே வைத்துச் சாத்துவது

எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையின் தலைப்பகுதியை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். என் கட்டையில் அந்தக் கீறல் அவ்வளவு எளிதாக ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் பழுதுபார்த்தவர்.