கலந்தே பேசுங்கள், ஆனால் வீட்டுமொழியை விட்டுவிடாதீர்கள்

வீட்டில் சௌராஷ்டிரமோ படுகோ பேசிக்கொண்டு, வெளியே எல்லாவற்றுக்கும் தமிழில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிள்ளை பாதி வீட்டுமொழியும் பாதி தமிழுமாகப் பேசினால் முதலில் திருத்துவதை நிறுத்துங்கள். "ஒழுங்கா பேசு, இல்லன்னா தமிழ்லயே பேசு" என்று நாலு தடவை சொன்னால் போதும், பிள்ளை தமிழுக்கே போய்விடும், அப்புறம் இழுத்து வருவது பெரும்பாடு.

அடுத்து, எதைக் கலக்கலாம், எதை விடக்கூடாது என்பது. "பஸ்ஸுல போனேன்" என்றால் பஸ் மட்டும்தான் ஆங்கிலம், அந்த '-உல'வும் 'போனேன்'உம் தமிழ், அதனால் வாக்கியமும் தமிழ்தான். உங்கள் மொழியிலும் இதையே செய்யுங்கள். பொருளின் பெயர் எங்கிருந்து வந்தாலும் சரி, அதோடு ஒட்டும் உருபும் முடிவில் வரும் வினையும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வெறும் பெயர்களைவிட இந்த ஒட்டுகள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வட ஆஸ்திரேலியாவில் கல்கரிஞ்சி ஊரைப் பாருங்கள். அங்குள்ள குரிந்ஜி மக்கள் மாட்டுப் பண்ணைகளில் உழைத்தவர்கள், 1966இல் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறிப் போராடியவர்கள். 1970களில் அங்கே பெரியவர்கள் தங்கள் மொழியான குரிந்ஜியையும், ஆங்கிலச் சொற்கள் நிறைந்த கிரியோலையும் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கலவையையே தனக்கென்று இலக்கணம் உள்ள ஒரு மொழியாக்கிவிட்டார்கள். இறந்தகாலத்தைக் காட்டும் 'பின்' கிரியோலில் இருந்து வந்தது. ஆனால் நாய்க்கு 'வர்லகு' என்பதும், கடித்தது அந்த நாய்தான் என்று காட்ட அதன் பின்னால் ஒட்டும் '-ங்கு'வும் குரிந்ஜிதான்.

ஆனால் இதில் ஒரு இழப்பும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. பழைய குரிந்ஜியை முழுதாகப் பேசுகிறவர்கள் இப்போது வயதானவர்கள் சிலர்தான். கலவை ஒரு பகுதியைக் கடத்தும், முழுவதையும் கடத்தாது. அதனால் கலந்து பேசுவதோடு நிறுத்தாமல் பாட்டி, தாத்தாவைப் போனில் பதிவு செய்யுங்கள். சொற்பட்டியல் கேட்காதீர்கள், கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லச் சொல்லுங்கள், தறியில் உட்கார்ந்தவராக இருந்தால் பாவு ஓட்டுவதிலிருந்து சேலை அறுப்பது வரை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், வினைகள் தானாக வந்து விழும். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எழுதுவதற்கும் காத்திருக்க வேண்டாம். சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்து உண்டு, 2008இலேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது, கற்றால் நல்லது. அதுவரை, அச்சுப் புத்தகங்களில் செய்வதுபோல் ஒரே தமிழ் எழுத்தின் வெவ்வேறு ஒலிகளைப் பிரித்துக் காட்ட அதன் மேல் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு எழுதலாம். குடும்ப வாட்ஸப்பில் அந்த எண்கூட வேண்டாம், வெறும் தமிழ் எழுத்தில் தட்டினாலே பாட்டி படித்துவிடுவார்.