பால்கனி ஊஞ்சலுக்கு எந்தப் பூச்சு? மும்பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் மும்பையில் எல்லாக் கட்டடங்களிலும் ஒரே பரபரப்பு. மொட்டை மாடிக்கு நீலத் தார்ப்பாய் ஏறும், ஜன்னல் இடுக்குகள் அடைபடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பால்கனியில் தேக்கு ஊஞ்சல் வைத்திருக்கும் நம் ஆட்கள் பாலிஷ்காரரைத் தேட ஆரம்பிப்பார்கள். பயம் நியாயமானதுதான். சாந்தாகுரூஸில் ஜூன் முதல் செப்டம்பருக்குள் சராசரியாக 2,300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்தான்.

ஆனால் மழையை மட்டும் மனதில் வைத்துப் பூச்சைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் வெயில். மழை பின்னால் வந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சூரிய ஒளியில் இருக்கும் புறஊதாக் கதிர் அதை உடைத்துவிடும். நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற வார்னிஷ் பூசினால் அந்தக் கதிர் படலத்தைத் தாண்டி நேராக மரத்துக்குப் போகிறது. மேலே பூச்சு பளபளவென்று இருக்கும். அடியில் அது பிடித்துக்கொண்டிருந்த மரத்தின் மேல்பரப்பு பொடிந்துகொண்டிருக்கும். அக்டோபர் வெக்கையில் தொடங்கி மே வரைக்கும் இந்த வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. ஜூனில் முதல் நல்ல மழை விழுந்ததும் ஏதோ ஒரு மெல்லிய கீறல் வழியே தண்ணீர் உள்ளே போய், படலம் வெள்ளை வெள்ளையாகத் தூக்கிக்கொள்ளும். ‘மழையில் போச்சு’ என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

கடலைப் பார்த்த வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மும்பையில் கடல் மேற்கே இருக்கிறது. மாலை வெயில், தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் சாரல், உப்புக் காற்று, மூன்றும் ஒரே பக்கமிருந்து வரும். அப்படிப்பட்ட பால்கனியில் நிறமில்லாத, மின்னும் பூச்சைக் கேட்பது வீண் செலவு என்பதே என் கருத்து. நிறமிகள் கலந்த, மர ரேகை ஓரளவு தெரியும் வெளிப்புற வுட் ஸ்டெயின் வாங்குங்கள். அந்த நிறமிகளே வெயிலைத் தடுக்கும். ரேகை தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு, வெளிப்புறத்துக்கான பெயின்ட் இன்னும் அதிக நாள் உழைக்கும். நிறமில்லாமல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், புறஊதாத் தடுப்பு சேர்த்த மரைன் வார்னிஷ் வாங்கலாம். அதை அடிக்கடி புதுப்பிக்கவும் தயாராக இருங்கள்.

அடுத்தது, உள்ளே பூசும் பாலிஷை வெளியே பூசுவது. பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. வரவேற்பறை அலமாரிக்கு அது அழகு. ஆனால் தண்ணீர் தேங்கினால் வெளுத்துப்போகும். மெலமைன் பாலிஷ் கெட்டியானது, ஆனால் வளைந்து கொடுக்காது. வெளியில் கிடக்கும் மரமோ மழையில் உப்பி வெயிலில் சுருங்கிக்கொண்டே இருக்கும். மெலமைன் அதோடு ஈடுகொடுக்க முடியாமல் வெடித்துவிடும்.

பியூ, அதாவது பாலியூரித்தேன் பூச்சு விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ‘பியூ போட்டா வாட்டர்ப்ரூஃப்தான் சார்’ என்று தச்சர் சொல்வார். எல்லா பியூவும் ஒன்றல்ல. அரோமேட்டிக் வகை வெயில் பட்டால் மஞ்சளிக்கும். அலிஃபேட்டிக் வகை தாக்குப்பிடிக்கும். டப்பாவை வாங்கிப் பாருங்கள். அதில் ‘எக்ஸ்டீரியர்’ என்று இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு டப்பாவாக வரும் பியூவில், பூச்சை இறுக வைக்கும் ஹார்டனரும் முக்கியம், மஞ்சளிப்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. போன வேலையில் மிஞ்சிய வேறு ஹார்டனரைக் கலக்க விடாதீர்கள்.

எண்ணெய் பூசுவது வேறு வழி. டீக் ஆயில் என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய் அல்லது டங் எண்ணெயோடு கொஞ்சம் வார்னிஷும் தின்னரும் கலந்தது. இது உரிந்து தொங்காது, வெளுத்த இடத்தில் மறுபடி துடைத்துப் பூசினால் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்க முடிகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வருடத்துக்கு ஒரு முறையாவது பூச வேண்டும், மேற்கு வெயிலில் அதைவிடச் சீக்கிரம். மலிவு என்று பதப்படுத்தாத பச்சை ஆளி விதை எண்ணெயை மட்டும் பூசாதீர்கள். அது காயவே பல நாள் ஆகும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனி. இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

தேக்குக்குப் பூச்சே வேண்டாம் என்பதும் சரியான முடிவுதான். வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். மாறுவது மேல்தோல் மட்டும், உறுதி குறையாது. அந்த நிறம் பிடிக்காதவர்கள்தான் பூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

ஓஷிவாராவில் பழைய சாமான் வாங்கியிருந்தால், ஏற்கனவே இருக்கும் பூச்சு என்னவென்று பார்க்காமல் மேலே எதையும் பூசாதீர்கள். மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட துணியை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்து இளகினால் அரக்கு; முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். படலம் இருக்கும் மரத்துக்குள் எண்ணெயும் இறங்காது. புதுத் தேக்கு என்றால் அதன் இயற்கையான எண்ணெய்ப் பசையே பூச்சை ஒட்டவிடாது. பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்புத்தாள் 120, 180 எண் போதும். வழவழவென்று தேய்த்துக்கொண்டே போனால் பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது.

கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் பூசிவிட்டுப் போவது பாலிஷ்காரர்களின் பழைய வழக்கம். தண்ணீர் அதிகம் ஏறுவது பலகையை வெட்டிய முனையில்தான், அங்கே நார்க்குழல்கள் திறந்தே இருக்கின்றன. நாற்காலிக் காலின் அடிப்பாகம், ஊஞ்சல் பலகையின் ஓரம், சங்கிலிக்குத் துளைத்த ஓட்டை, இவற்றுக்கெல்லாம் கூடுதலாக இரண்டு மூன்று கை பூசச் சொல்லுங்கள். முதல் கை கொஞ்சம் நீர்க்க இருந்தால் நன்றாக உள்ளே இறங்கும். பலகையின் அடிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை அப்பளம் போல வளையும்.

எப்போது பூசுவது? மே கடைசி தாமதம். வானிலைத் துறைக் கணக்கில் மும்பைக்குப் பருவமழை வரும் நாள் ஜூன் 11. அதற்கு முந்தைய வாரங்களிலேயே காற்றில் ஈரம் ஏறிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தில் நிலைத்தால் மரத்துக்குள் ஈரம் 17, 18 சதவீதத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் மூடிப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் பின்னால் படலத்தைத் தள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் பியூ முழுசாக இறுக ஒரு வாரம் வேண்டும்.

சில சாமான்களை எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாது. எம்டிஎஃப் (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை), சாதாரண கமர்ஷியல் பிளைவுட் இரண்டையும் வெளியே வைக்காதீர்கள். பிளைதான் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள். பசையும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். திருகாணிக்கு, கடலோரத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

மழை முழுக்க ஊஞ்சலைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிவைப்பவர்கள் உண்டு. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடி, அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். அக்டோபரில் மழை ஓய்ந்ததும் பலகையில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் விட்டுவைக்கலாம். உறிஞ்சிக்கொண்டால், நன்றாகக் காயவிட்டு அந்தக் குளிர்காலத்திலேயே லேசாகத் தேய்த்து ஒரு கை பூசிவிடுங்கள். உரிய ஆரம்பித்த பிறகு என்றால் முழுக்கச் சுரண்ட வேண்டிவரும், கூலியும் அதற்கேற்ப ஏறும்.