முதல் டோரண்ட் இறக்குவதற்கு முன்னால்

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, ஒரு போட்டோவும் தெறக்க மாட்டேங்குது."

ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் வாலாக, புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: பணம் கட்டினால் பூட்டைத் திறந்து தருகிறோம் என்று. ரான்சம்வேர். போட்டோ எடிட் பண்ணும் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டும் 'கிராக்' டோரண்டில் கிடைத்ததாம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டு என்று அதிலேயே எழுதியிருந்ததாம். நிறுத்திவிட்டு ஓட்டியிருக்கிறார். மெமரி கார்டில் அழிக்காமல் கிடந்த இரண்டு கல்யாணம் தப்பியது. மற்றதெல்லாம் போச்சு.

"அப்ப டோரண்ட்டே கெட்டதாண்ணே?" என்றார். கெட்டதில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பிராம் கோஹென் என்பவர் 2001-ல் கொண்டுவந்த பிட்டோரண்ட் முறையில், பெரிய ஃபைல் ஒன்று சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிகிறது. அந்தத் துண்டுகளை ஏற்கெனவே வைத்திருக்கிறவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்குகிறீர்கள். வாங்கிய கையோடு அடுத்தவருக்குக் கொடுக்கவும் ஆரம்பிக்கிறீர்கள். முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு கொடுப்பவர் 'சீடர்' (விதைப்பவர்). கூட்டத்தில் இருக்கிற எல்லாரும் பியர். (பீர் என்று எழுதினால் கடைப் பையன் சிரிக்கிறான்.) நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊரில் எனக்கு டோரண்ட் பிடித்ததே இதற்காகத்தான்.

முதலில் மென்பொருள். விண்டோஸுக்கு நான் போட்டுத் தருவது க்யூபிட்டோரண்ட். இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரல் திறந்தே இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தால் டிரான்ஸ்மிஷன் என்ற மென்பொருள் போதும். கூகுளில் தேடும்போது விளம்பரமாக மேலே வருவதைத் தொடவே வேண்டாம். க்யூபிட்டோரண்டின் சொந்தத் தளம் டாட் ஓஆர்ஜி என்று முடியும். அதே பெயரில் டாட் காம் ஒன்றும் இருக்கிறது. அது அவர்களுடையது இல்லை.

பழக ஒரு ஃபைல் வேண்டுமே, அதற்கு லினக்ஸ் ஐஎஸ்ஓ (லினக்ஸைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உதவும் ஒற்றை ஃபைல்) ஒன்றை எடுங்கள். உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளின் தளத்திலும் டோரண்ட் இணைப்பை அவர்களே தருகிறார்கள். உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி வரும். சீடர்களுக்குப் பஞ்சமே இருக்காது. சினிமாப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இணைப்பை அழுத்தியதும் ஒரு பெட்டி திறக்கும். ஓகே கொடுக்க அவசரம் வேண்டாம். உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் காட்டும், அதைப் படியுங்கள். ஐஎஸ்ஓ என்றால் ஒரே ஃபைல் இருக்க வேண்டும். வேண்டாததற்கு டிக்கை எடுத்துவிடலாம்.

அப்லோடுக்கு ஒரு வரம்பு போட்டுவிடுங்கள். போடாவிட்டால் உங்கள் லைன் முழுக்க அனுப்புவதிலேயே அடைபட்டு, வீட்டில் வீடியோ கால் திக்கும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட், மென்பொருள் காட்டுவது மெகாபைட் (எம்பி). எட்டால் வகுக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் லைன் என்றால் நொடிக்கு 5 எம்பிதான். அப்லோடுக்கு அதில் பாதிக்கும் கீழே வைத்தால் வீட்டில் சண்டை வராது. பிரௌசர் வழியாக மென்பொருளை இயக்க வெப் யுஐ என்று ஒரு வசதி இருக்கும். அது அணைந்தே இருக்கட்டும்.

இறங்க ஆரம்பித்ததும் கீழே 'பியர்ஸ்' என்ற டேபை அழுத்துங்கள். அந்தத் தம்பிக்கு நான் காட்டியதும் இதைத்தான். ஐபி முகவரிகள் (ஒவ்வொருவரின் இணைய இணைப்புக்கும் உள்ள எண்) வரிசையாக வந்து விழும். பக்கத்திலேயே குட்டிக் குட்டியாக நாட்டுக் கொடிகள், யார் எவ்வளவு சதவீதம் வைத்திருக்கிறார் என்ற கணக்கு. "இவங்கல்லாம் யாருண்ணே?" என்றார். "அவங்க திரையில இதே மாதிரி நீ தெரியிற" என்றேன். தம்பி சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

படத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்றது இதனால்தான். டோரண்டில் நீங்கள் வெறுமனே இறக்குபவர் இல்லை, ஊரறியக் கொடுப்பவரும்கூட. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. விபிஎன் போட்டால் தப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விபிஎன் என்ற சேவை உங்கள் ஐபி முகவரியை மறைக்கும்; செய்கிற காரியத்தைச் சட்டப்படி சரியாக்காது, வைரஸையும் தடுக்காது.

இறங்கி முடிந்ததும் சரிபார்ப்பு. ஒவ்வொரு துண்டு வந்ததும் அதன் ஹாஷை (கைரேகை மாதிரி ஓர் எண்) டோரண்ட் மென்பொருள் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். கெட்ட துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் கேட்கும். ஆனால் அது சொல்வதெல்லாம், டோரண்டை உண்டாக்கியவர் வைத்த அதே பொருள் உங்களிடம் வந்துவிட்டது என்பதுதான். அவர் விஷம் வைத்திருந்தால் விஷம் ஒரு துளி சிந்தாமல் வந்து சேரும். அதனால், தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற ஹாஷ் எண்ணோடு நீங்களும் ஒருமுறை ஒப்பிடுங்கள். 7-ஜிப் என்ற மென்பொருள் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தாலே அந்த எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், ஐஎஸ்ஓ இணைப்பைத் தங்களுடைய கெட்ட ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். டோரண்டில் இறக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை என்று மின்ட் குழுவே அப்போது அறிவித்தது.

விண்டோஸில் இன்னொரு வேலை பாக்கி. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய், ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைக் காட்டும்படி வையுங்கள். இல்லாவிட்டால் எம்பி4.எக்ஸ்இ என்று முடிகிற ஃபைல் வெறும் எம்பி4 ஆகத்தான் தெரியும். ஐகானும் வீடியோ மாதிரியே இருக்கும். வீடியோ என்று சொல்லி எக்ஸ்இ (திறந்ததும் ஓடும் நிரல்) வந்தாலும், பாஸ்வேர்ட் போட்ட ஜிப் வந்தாலும், ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னாலும், அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

இறங்கியாயிற்று என்று உடனே மூடுவது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அழகில்லை. வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்கிற ஊர். 'ரேஷியோ' என்ற கட்டத்தில் 1 வரும்வரை விட்டுவையுங்கள். 6 ஜிபி வாங்கினால் 6 ஜிபி கொடுத்தாயிற்று என்று கணக்கு.

ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டு மொய் செய்யாதீர்கள். ஒருநாள் ராத்திரி நான் க்யூபிட்டோரண்ட் ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் படுத்தேன். அது மூடவில்லை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டு விடிய விடிய அனுப்பியிருக்கிறது. காலையில் எழுந்தால் அன்றைய டேட்டா காலி, வாட்ஸப்கூட ஓடவில்லை. மூட வேண்டுமென்றால் கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஐகானில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுங்கள். ஐகான் மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.